காட்பாடி மேம்பாலமும் ஆயிரம் சிசி என்ஜினும்: முதல் கார் வாங்குவோருக்கு

கார் வாங்கப் போகிறேன் என்று வேலூரில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். இரண்டே கேள்விகள்தான் வரும். "எத்தனை சிசி?" "லிட்டருக்கு எத்தனை கொடுக்கும்?" பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு இந்த இரண்டை மட்டும் கேட்டுத்தான் நானும் என் முதல் காரை வாங்கினேன். சின்ன என்ஜின், பெரிய மைலேஜ். விளம்பரத்தில் இருந்த எண்ணைப் பார்த்ததுமே மனம் நிறைந்துவிட்டது.

வாங்கிய மூன்றாவது வாரம், சித்திரை வெயிலில், குடும்பத்தோடு திருப்பதிக்குக் கிளம்பினோம். பெரியவர்கள் ஐந்து பேர், பின்னால் இரண்டு பெட்டி, ஒரு தூக்குக் கூடை. காட்பாடி ரயில்வே மேம்பாலத்தின் ஏற்றத்தில் பாதி தூரம் போனதும் வாகனங்கள் நின்றுவிட்டன. முன்னால் லாரி, பின்னால் முட்டிக்கொள்வதுபோல ஒரு பஸ். வரிசை நகர்ந்தபோது கிளட்சை விட்டேன். வண்டி ஒரு குலுக்கலோடு அணைந்தது. மறுபடி முயன்றேன், மறுபடியும் அணைந்தது. கடைசியில் ஏசியை நிறுத்தி, கை பிரேக்கைப் பிடித்து, ஆக்சிலேட்டரை அலறவிட்டு, கிளட்ச் தீய்ந்த நாற்றத்தோடு ஏறி முடித்தோம். பின்னிருக்கையில் இருந்த என் அத்தை, "நாங்கள் இறங்கி நடந்தால் வண்டிக்குச் சுலபமாக இருக்குமா?" என்று கேட்டார். கிண்டல் இல்லை. மாட்டுவண்டிக் காலத்தவர், மேட்டில் இறங்கி நடப்பது அவருக்குப் பழக்கம்.

வண்டியில் ஒரு குறையும் இல்லை. என் பயணத்துக்குப் பொருந்தாத என்ஜினை நான் வாங்கியிருந்தேன், அவ்வளவுதான். அதற்குப் பிறகு உறவிலும் தெருவிலும் கார் வாங்குகிற பலரோடு ஷோரூமுக்குத் துணையாகப் போயிருக்கிறேன். அவர்களுக்குச் சொல்வதைத்தான் வரிசையாக இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை: உங்கள் சாலையை எழுதுங்கள்

ஷோரூமுக்குப் போகும் முன் ஒரு தாளில், சாதாரணமான ஒரு மாதத்தில் கார் எங்கெல்லாம் போகும் என்று எழுதுங்கள். ஆசைப்படும் இடங்கள் வேண்டாம். உண்மையில் போகும் இடங்கள் மட்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று குறிப்புகள்: எத்தனை கிலோமீட்டர், வண்டியில் எத்தனை பேர், வழி எப்படிப்பட்டது.

வழி என்பதை நம் ஊர்க்காரர்கள் மூன்றாகப் பிரித்தால் போதும். மண்டித் தெரு, காந்தி ரோடு, சி.எம்.சி. மருத்துவமனை வாசல், கிரீன் சர்க்கிள் எல்லாம் நின்று நின்று நகரும் வழி. ராணிப்பேட்டைக்கோ ஆம்பூருக்கோ வேலைக்குப் போகிறவர்களுக்குச் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை. அது ஒரே சீராக ஓடும் வழி. மூன்றாவது மேடு: ஏலகிரி, ஜவ்வாது மலை, அப்புறம் அளவில் சிறியதானாலும் தினமும் வரக்கூடிய காட்பாடி மேம்பாலம்.

சத்துவாச்சாரியில் குடியிருக்கும் ஓர் ஆசிரியரின் தாளைப் பார்த்தேன். மாதம் 600 கிலோமீட்டர். அதில் 500 ஊருக்குள், பெரும்பாலும் இரண்டே பேர். ஏலகிரிக்கு ஆண்டுக்கு ஒருமுறை. அவர் வாங்க நினைத்திருந்ததோ 1500 சிசி டீசல் எஸ்யூவி. "மலை ஏற வேண்டுமே" என்றார். ஆண்டில் ஒருநாள் ஏறும் மலைக்காக 364 நாள் எடையைச் சுமப்பானேன் என்று கேட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் 1200 சிசி பெட்ரோல் காருக்கு முன்பணம் கட்டினார்.

இரண்டாவது: அட்டவணையில் உள்ள மூன்று எண்கள்

விவரத்தாளில் சிசி, குதிரைத்திறன், முறுக்கு விசை என்று மூன்று எண்கள் இருக்கும். முதல் எண்ணை எல்லோரும் படிக்கிறார்கள். கடைசி எண்ணைத்தான் படிக்க வேண்டும்.

சிசி என்பது வெறும் கொள்ளளவு. பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் இடத்தின் அளவை எல்லா சிலிண்டர்களுக்கும் கூட்டினால் வருவது. மாருதியின் பழைய கே10பி என்ஜினில் சிலிண்டரின் விட்டம் 73 மில்லிமீட்டர், பிஸ்டன் நகரும் தூரம் 79.5 மில்லிமீட்டர். இரண்டையும் வைத்துக் கணக்கிட்டால் ஒரு சிலிண்டருக்கு ஏறத்தாழ 333 சிசி. மூன்றுக்கும் சேர்த்து 998. அதாவது ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை அவ்வளவு காற்றை அந்த என்ஜின் இழுக்க முடியும். அந்தக் காற்றை வைத்து அது என்ன செய்கிறது என்பதைச் சிசி சொல்லாது.

மற்ற இரண்டையும் புரிந்துகொள்ள, மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலை ஏற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வட ஆற்காட்டுக் கிணறுகளில் மோட்டார் வருவதற்கு முன்பு அதுதான் ஓடியது. மாடுகள் சரிவில் இறங்கும்போது சால் என்ற பெரிய வாளி நிறையத் தண்ணீர் மேலே வரும். ஒரே இழுப்பில் மாடுகள் எவ்வளவு கனத்தைத் தூக்குகின்றன என்பது முறுக்கு விசை. வண்டிக்காரர்கள் 'இழுவை' என்பார்கள். ஒரு மணி நேரத்தில் மொத்தம் எவ்வளவு தண்ணீர் வெளியே வந்தது என்பது குதிரைத்திறன். சின்னச் சாலாக இருந்தாலும் மாடுகள் ஓடி ஓடி இழுத்தால் ஒரு மணி நேரத்தில் அதே அளவு தண்ணீர் வந்துவிடும். ஆனால் மாடு ஓட வேண்டும். சின்ன என்ஜினும் அப்படித்தான்: எண்ணில் காட்டிய திறனைக் கொடுக்கும், ஆனால் ஓடினால்தான்.

விவரத்தாளில் உள்ள உச்சக் குதிரைத்திறன் பெரும்பாலும் என்ஜின் நிமிடத்துக்கு 6000 சுற்றுகள் சுற்றும்போது கிடைப்பது. ஊருக்குள் நாம் ஓட்டுவது 1500 முதல் 2500 சுற்றுகளுக்குள். அந்த வேகத்தில் உங்களுக்குக் கைகொடுப்பது இழுவைதான். ஹூண்டாய் வென்யூவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே கார், இரண்டு பெட்ரோல் என்ஜின்கள். 1197 சிசி என்ஜின் 83 குதிரைத்திறனும் 114 நியூட்டன் மீட்டர் இழுவையும் தருகிறது. உச்ச இழுவை 4000 சுற்றில். அதைவிடச் சிறிய 998 சிசி டர்போ என்ஜினோ 120 குதிரைத்திறன், 172 நியூட்டன் மீட்டர் தருகிறது; அந்த இழுவை 1500 சுற்றிலேயே தொடங்கிவிடுகிறது. சிசி குறைவு, இழுவை ஒன்றரை மடங்கு. மெத்தைக் கடையில் பஞ்சை அமுக்கித் திணிப்பதைப் பார்த்திருப்பீர்கள். டர்போ காற்றை அப்படித் திணிக்கிறது. கூடுதல் காற்று, அதற்கேற்ற கூடுதல் பெட்ரோல், கூடுதல் விசை.

அந்தக் 'கூடுதல் பெட்ரோல்' என்ற சொல்லைக் கவனியுங்கள். டர்போ சும்மா கொடுப்பதில்லை. மெதுவாக ஓட்டினால் சின்ன என்ஜின்போல் குடிக்கும், மிதித்தால் பெரிய என்ஜின்போல் குடிக்கும். காலில் அடக்கம் இல்லாதவர்கள் டர்போ வாங்கிவிட்டு மைலேஜ் வரவில்லை என்று அழக் கூடாது.

சிசி ஒன்றாகவே இருந்தாலும் குணம் மாறும். மாருதி ஸ்விஃப்டில் 2024-இல் என்ஜின் மாறியது. பழையதும் 1197 சிசி, புதியதும் 1197 சிசி. பழையதற்கு நான்கு சிலிண்டர், ஏறத்தாழ 90 குதிரைத்திறன், சான்றளிக்கப்பட்ட மைலேஜ் லிட்டருக்கு 22.38 கிலோமீட்டர். புதியதற்கு மூன்று சிலிண்டர், 82 குதிரைத்திறன், மைலேஜ் 24.8. இழுவை இரண்டிலும் கிட்டத்தட்ட அதேதான். வேகப் பிரியர்கள் முகம் சுளித்தார்கள். மண்டித் தெருவில் ஓட்டுகிறவருக்கு எட்டுக் குதிரைகள் காணாமல் போனதே தெரியாது.

மூன்றாவது: இழுவையை எடையால் வகுங்கள்

என் முதல் காரில் நான் போடத் தவறிய கணக்கு இது. போட இரண்டு நிமிடம்கூட ஆகாது.

வண்டியின் வெற்று எடையை விவரத்தாளில் பாருங்கள். அதோடு வழக்கமாக ஏறும் ஆட்களின் எடையைக் கூட்டுங்கள். ஆளுக்கு 65 கிலோ, பெட்டிகள் தனி. முறுக்கு விசையை அந்த மொத்த எடையால், டன் கணக்கில், வகுங்கள். வேகன் ஆரின் 1.0 லிட்டர் என்ஜின் 89 நியூட்டன் மீட்டர் தருகிறது. வண்டி எண்ணூறு கிலோ சொச்சம். ஒருவர் மட்டும் ஓட்டினால் டன்னுக்கு நூறு அளவில் வரும், துள்ளிக்கொண்டு போகும். ஐந்து பேர் ஏறினால் மொத்த எடை 1.17 டன் ஆகி, கணக்கு 76-க்கு இறங்கிவிடுகிறது. அதே காரின் 1.2 லிட்டர் என்ஜின் 113 நியூட்டன் மீட்டர். ஐந்து பேரோடும் 95 வரும். இரண்டுக்கும் சான்றளிக்கப்பட்ட மைலேஜ் வித்தியாசம் லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர்கூட இல்லை: 24.35, 23.56.

பெரிய என்ஜின் கூடுதலாகக் குடிக்கும் என்பது பொதுவாக உண்மை, எப்போதும் உண்மையில்லை. ஆள் நிறைந்த வண்டியில் சின்ன என்ஜின் ஒவ்வொரு மேட்டிலும் கியர் குறைத்து, மூச்சுப் பிடித்து இழுக்கும்போது, சற்றுப் பெரிய என்ஜின் அலுங்காமல் போய், கடைசியில் கிட்டத்தட்ட அதே பெட்ரோலில் முடித்துவிடும். எனவே உங்கள் தாளில் 'ஐந்து பேர்' என்று அடிக்கடி எழுதியிருந்தால் ஆயிரம் சிசி, டர்போ இல்லாத என்ஜினை விட்டுவிடுங்கள். ஒன்று, இரண்டு என்றே எழுதியிருந்தால் அதைவிடச் சிக்கனமான தேர்வு இல்லை. என் கணக்கில், ஆட்களோடு சேர்த்து 90-க்குக் கீழே போனால் யோசிக்க வேண்டும். இது எந்தப் பொறியாளரும் வகுத்த விதியில்லை, பல வண்டிகளை ஓட்டிப் பார்த்துக் கால் சொன்ன விதி.

நான்காவது: வெயிலைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்

நீரில்லாத ஆறு, கடவுளில்லாத கோயில், மரமில்லாத மலை என்று எங்கள் ஊரைப் பற்றி ஒரு பழைய வசனம் உண்டு. கோட்டைக் கோயிலுக்கு ஜலகண்டேஸ்வரர் 1981-இல் திரும்பி வந்துவிட்டார். மரமில்லாத மலைகள் மட்டும் அப்படியே நின்று, பகலெல்லாம் வெயிலைக் குடித்து, மாலையில் நம்மீது உமிழ்கின்றன. கோடையில் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே சாதாரணம். ஏசி இல்லாமல் ஓட்டுவது என்ற பேச்சே கிடையாது.

ஏசியின் கம்ப்ரசரை என்ஜின்தான் சுற்றுகிறது. கடும் வெயிலில் அது இரண்டு முதல் நான்கு குதிரைத்திறனை எடுத்துக்கொள்ளும். வேகன் ஆரின் ஒரு லிட்டர் என்ஜினுக்கு உள்ள 67 குதிரைத்திறனில் மூன்று போனால் என்ன என்று தோன்றும். ஆனால் 2000 சுற்றில் அந்த ஒரு லிட்டர் என்ஜினிடம் 67 இல்லை. 80 நியூட்டன் மீட்டர் இழுவை இருந்தால் கையில் இருப்பது 23 குதிரைத்திறன்கூட முழுதாக இல்லை. அதில் மூன்று போவது எட்டில் ஒரு பங்கு. மேம்பாலத்தில் நான் ஏசியை ஏன் நிறுத்தினேன் என்பது இப்போது புரிந்திருக்கும்.

வண்டி நிற்கும்போதும் செலவு ஓடுகிறது. ஏசியோடு என்ஜின் நின்றபடி ஓடினால் மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை போகும். சி.எம்.சி. வாசலில் நோயாளியை இறக்கிவிட்டு, ஏசியில் அரை மணி நேரம் காத்திருக்கும் ஒவ்வொருவரும் நான்கைந்து கிலோமீட்டர் ஓடவேண்டிய பெட்ரோலை நின்ற இடத்திலேயே எரிக்கிறார்கள்.

ஐந்தாவது: மைலேஜ் எண்ணை நம்புங்கள், ஆனால் எதற்கு என்று தெரிந்து நம்புங்கள்

விளம்பரத்தில் வரும் மைலேஜ் பொய்யில்லை. புனேயில் உள்ள ஏஆர்ஏஐ போன்ற சோதனை நிலையங்களில் உருளைகள்மேல் காரை நிறுத்தி, வகுத்துவைத்த வேகங்களில் இருபது நிமிடம் அளவுக்கு ஓட்டி எடுக்கும் எண் அது. அதிகபட்ச வேகம் 90. ஏசி அணைத்திருக்கும். எதிர்க்காற்று இல்லை, மேடு இல்லை, குறுக்கே வரும் ஷேர் ஆட்டோ இல்லை. ஒரு காரை இன்னொரு காரோடு ஒப்பிட அந்த எண் உதவும். உங்கள் வீட்டுச் செலவைக் கணக்கிட உதவாது. வேலூர் ஊருக்குள் அதில் அறுபது, அறுபத்தைந்து சதவீதம் வந்தால் வண்டி நன்றாக இருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்வேன். நெடுஞ்சாலையில் நிதானமாகப் போனால் எண்பதைத் தொடலாம்.

பெட்ரோலும் மாறியிருக்கிறது. இப்போது பெட்ரோல் பங்கில் கிடைப்பது இருபது சதவீதம் எத்தனால் கலந்தது. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. கலவையில் அது ஆறேழு சதவீதக் குறைவாக வரும். அத்தனையும் அப்படியே மைலேஜில் தெரியும் என்றில்லை, என்ஜினின் வடிவமைப்பைப் பொறுத்தது. பழைய கார் வாங்குகிறவர்கள் அது இருபது சதவீத எத்தனாலுக்கு ஏற்றதா என்று உரிமையாளர் கையேட்டைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

அடுத்தது, பலரும் சறுக்கும் இடம். லிட்டருக்கு 20 கொடுக்கும் காரை விட்டு 25 கொடுக்கும் காரை வாங்குவது பெரிய லாபம்போலத் தோன்றும். ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டினால் முதலாவது 500 லிட்டர் குடிக்கும், இரண்டாவது 400. மிச்சம் 100 லிட்டர். இப்போது 12 கொடுப்பதையும் 15 கொடுப்பதையும் பாருங்கள். 833 லிட்டர், 667 லிட்டர். மிச்சம் 166! வித்தியாசம் மூன்றுதான், ஆனால் லாபம் அங்கேதான் அதிகம். பெரிய வண்டி தேடுகிறவர்கள் மைலேஜில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கறாராக இருக்க வேண்டும். சின்ன வண்டி தேடுகிறவர்கள் ஒன்றிரண்டு குறைந்தால் கவலைப்பட வேண்டாம், நல்ல இழுவையையும் பிரேக்கையும் பார்த்து வாங்கலாம். லிட்டர் 100 ரூபாய் என்றே வைத்துக்கொண்டு, உங்கள் தாளில் உள்ள கிலோமீட்டரை வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள். மாதம் 600 ஓட்டும் நம் ஆசிரியருக்கு 20-க்கும் 25-க்கும் உள்ள வித்தியாசம் மாதம் 600 ரூபாய்.

டீசலா, சிஎன்ஜியா

டீசலின் இழுவைக்கு ஈடில்லை. ஹூண்டாய் கிரெட்டாவின் 1.5 லிட்டர் சாதாரணப் பெட்ரோல் என்ஜினும் டீசல் என்ஜினும் குதிரைத்திறனில் ஒரே அளவு, 115-ஐ ஒட்டி. இழுவையில் பெட்ரோல் 144, டீசல் 250. மலையில் டீசல் ஏன் முனகாமல் ஏறுகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. ஆனால் 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு டீசல் கார்களின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. நீண்ட தூரம் ஓடிச் சூடானால்தான் அந்தக் கரி எரிந்து தீரும். காலையில் பள்ளிக்கு மூன்று கிலோமீட்டர், மாலையில் மூன்று கிலோமீட்டர் என்று ஓட்டினால் அடைத்துக்கொண்டு விளக்கெரியும். வாரம் இருமுறை சென்னை போய்வருகிறவருக்கு டீசல். காந்தி நகரிலிருந்து கோட்டைவரை போகிறவருக்கு வேண்டாம்.

சிஎன்ஜியில், அதாவது அழுத்தி நிரப்பிய இயற்கை எரிவாயுவில், செலவு குறைவு, இழுவையும் குறைவு. வேகன் ஆர் 1.0 பெட்ரோலில் 89 நியூட்டன் மீட்டர் தருவது சிஎன்ஜியில் 82 ஆகிறது. பெட்டி வைக்கும் இடத்தை எரிவாயு உருளை எடுத்துக்கொள்கிறது. தனியாக அதிகம் ஓடுகிறவர்களுக்குச் சரி.

சிசி உண்மையிலேயே பேசும் இடம்: வரியும் காப்பீடும்

நம் ஊரில் இத்தனை கார்கள் 1197, 1199 என்று நிற்பது தற்செயல் இல்லை. நீளம் நான்கு மீட்டருக்குள், பெட்ரோல் என்றால் 1200 சிசிக்குள், டீசல் என்றால் 1500 சிசிக்குள் இருக்கும் கார்களுக்கு 2006 பட்ஜெட்டில் வரி குறைக்கப்பட்டது. அன்றிலிருந்து அந்தக் கோட்டுக்கு உள்ளே நிற்கவே என்ஜின்கள் வடிவமைக்கப்படுகின்றன. 2025 செப்டம்பர் 22 முதல் அந்த வரம்புக்குள் இருப்பவைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், தாண்டுபவைக்கு 40. காப்பீட்டிலும் சிசி பேசும்: 2022-இல் அறிவிக்கப்பட்ட மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம் ஆயிரம் சிசி வரை ஆண்டுக்கு 2,094 ரூபாய், 1500 வரை 3,416, அதற்கு மேல் 7,897. வாங்கும் நாளில் என்ன கட்டணம் நடப்பில் இருக்கிறது என்று கேட்டு, மைலேஜ் கணக்கோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஓட்டிப் பார்க்கும் நாள்

ஷோரூம்காரர்கள் உங்களைச் சர்வீஸ் சாலையில் ஒரு கிலோமீட்டர் அழைத்துப்போய்த் திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள். தனியாளாக, சமதரையில், எந்தக் கார்தான் நன்றாக ஓடாது? கொஞ்சம் வெட்கத்தை விட்டு, நான் சொல்கிறபடி கேளுங்கள்.

குடும்பத்தை அழைத்துப் போங்கள். நான்கு பேராவது ஏறட்டும். நண்பகல் நேரமாக இருக்கட்டும். ஏசியை முழுதாக வையுங்கள். காட்பாடிப் பாலம், இல்லாவிட்டால் ஏதாவதொரு மேம்பாலம் வழியாகப் போகவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஏற்றத்தில் நெரிசலே உங்களை நிறுத்திவிடும். அங்கிருந்து முதல் கியரில் எடுக்கும்போது என்ஜின் அலறுகிறதா, அணைகிறதா, வண்டி பின்னால் உருள்கிறதா என்று பாருங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் இது இன்னும் முக்கியம். விலை குறைந்த ஏஎம்டி வகையில் உள்ளே இருப்பது சாதாரண கிளட்ச்தான், காலுக்குப் பதிலாக இயந்திரம் மிதிக்கிறது. மேட்டில் பிடித்து நிறுத்தும் வசதி அந்த வண்டியில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு ஊருக்குள், மூன்றாம் கியரில், 25 கிலோமீட்டர் வேகத்திலிருந்து மெல்ல அழுத்துங்கள். இடித்துக் குலுங்காமல் எழுந்தால் கீழ்ச்சுற்றில் இழுவை இருக்கிறது என்று பொருள். டர்போ வண்டி என்றால் 1500 சுற்றுக்குக் கீழே ஒரு கணம் தூங்கிவிட்டு, பிறகு திடீரென்று பாயும். அந்தத் தூக்கம் உங்களுக்கு ஒத்துவருமா என்று பாருங்கள். கடைசியாக நெடுஞ்சாலையில் ஏறி, விதித்த வேகத்துக்குள், 60-இலிருந்து 80-க்குப் போக எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்க வேண்டும். பள்ளிகொண்டா பக்கம் வரிசையாகப் போகும் சரக்கு லாரிகளைத் தாண்டுவதற்கு அந்தச் சில வினாடிகள்தான் உயிர். தாண்டும்போது கியரைக் குறைக்க வேண்டியிருந்தால் குற்றமில்லை. குறைத்தும் எழவில்லை என்றால் அந்த வண்டி உங்கள் குடும்பத்துக்குச் சின்னது.

வாங்கிய பிறகு

எங்கள் பெரியவர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு: டாப் கியரில் போனால் மைலேஜ். அதனால் கிரீன் சர்க்கிளைக்கூட நான்காம் கியரில், என்ஜின் முக்க முக்கச் சுற்றுவார்கள். இது சிக்கனம் இல்லை; சிலிண்டருக்குள் தட்டும் ஒலி கேட்டால் வண்டி கெஞ்சுகிறது என்று பொருள். அதேபோல் இறக்கத்தில் நியூட்ரலில் விடுவது. கார்புரேட்டர் காலத்து வழக்கம் அது. இப்போதைய என்ஜின்களில் கியரில் இருந்தபடி காலை எடுத்தால் பெட்ரோல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில் விட்டால்தான் என்ஜினை உயிரோடு வைக்கப் பெட்ரோல் செலவாகும். பிரேக்கும் தனியாக வேலை செய்து சூடேறும்.

ஏலகிரியில் இது உயிர்ப் பிரச்சினை. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள்; சங்கப் புலவர், வள்ளல் பெயர்களெல்லாம் வைத்திருக்கிறார்கள், படித்துக்கொண்டே ஓட்டாதீர்கள். ஏறும்போது இரண்டாம் கியர், வளைவில் தேவையானால் முதல் கியர். ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். மேலே போகப் போகக் காற்று மெலிவதால் டர்போ இல்லாத என்ஜின் ஆயிரம் மீட்டருக்குப் பத்தில் ஒரு பங்கு திறனை இழக்கும். உச்சியில் வண்டி சோம்பினால் பயப்பட வேண்டாம். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள்.

நெடுஞ்சாலையில் மைலேஜைத் தின்பது காற்று. வேகம் 80-இலிருந்து 100 ஆனால் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கும் சற்று மேல் ஆகிறது. நூறு கிலோமீட்டர் தூரத்தில் மிச்சமாகும் நேரம் பதினைந்து நிமிடம். ஆம்பூரில் பிரியாணிக்கு வரிசையில் நிற்கும் நேரம்கூட இல்லை.

மைலேஜை அளக்க, டாஷ்போர்டில் காட்டும் எண்ணை நம்பாதீர்கள். என் வண்டியில் அது எப்போதும் ஒன்றிரண்டு கூட்டித்தான் சொல்லும். ஒரு பெட்ரோல் பங்கைத் தேர்ந்தெடுங்கள். முழுதாக நிரப்பச் சொல்லி, பெட்ரோல் ஊற்றும் துப்பாக்கி முதல்முறை தானாக நின்றதும் நிறுத்தச் சொல்லுங்கள். ரவுண்டாக்குகிறேன் என்று மேலும் ஊற்றவிடாதீர்கள். டிரிப் மீட்டரைச் சுழியில் வையுங்கள். முக்கால் டேங்க் ஓட்டிவிட்டு அதே பங்கில் அதேபோல் நிரப்புங்கள். 412 கிலோமீட்டர் ஓடியிருந்து 26.8 லிட்டர் பிடித்தால், லிட்டருக்கு 15.4. இப்படி மூன்றுமுறை எழுதிச் சராசரி எடுங்கள். ஒருமுறை எடுத்ததை வைத்து யாரோடும் சண்டைக்குப் போகக் கூடாது.

சராசரி திடீரென்று குறைந்தால் முதலில் டயர் காற்று. கதவோரம் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள அளவுக்கு, டயர் சூடாகும் முன்பு பிடிக்க வேண்டும். அடுத்து ஏர் ஃபில்டர். பாலாற்றங்கரைப் புழுதியில் அது சொன்ன நாளுக்கு முன்பே அடைத்துவிடும். பிறகு சமதரையில் நியூட்ரலில் வண்டியைக் கையால் தள்ளிப் பாருங்கள். சிரமப்பட்டு நகர்ந்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. மூன்றும் சரியாக இருந்தும் எண் ஏறவில்லை என்றால் சர்வீஸ் நிலையத்துக்குப் போங்கள், நோட்டையும் எடுத்துக்கொண்டு. நான் ஒருமுறை வெறுங்கையோடு போய் "மைலேஜ் குறைந்துவிட்டது" என்றேன். "நீங்கள் ஓட்டும் விதம் சார்" என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த மாதம் ஆறு ஃபுல் டேங்க் கணக்கைத் தேதியோடு மேசைமேல் வைத்தேன். பேனட்டைத் திறந்தார்கள்.